அத்தையின் ‘ம்’மும் ஓர் அலுமினிய ஹெட்டும்

அந்தப் பட்டறையில் ஒரு இன்ஜினின் வேலை முடிந்ததா இல்லையா என்பதை எந்த மீட்டரும் தீர்மானிப்பதில்லை. அத்தை வாயைத் திறக்காமல் மூக்காலேயே சொல்லும் ஒரு ‘ம்’தான் தீர்மானிக்கும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஆணியில் தொங்கும் தன் இரண்டு ஸ்பேனர்களை அத்தை எடுப்பார். போல்ட்டுக்கு ஒன்று, இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியாக ஒரு திருகு திருகுவார். அது ஏற்கனவே இறுகித்தான் இருக்கும். இருந்தாலும் அத்தை கை பட்டு இன்னும் கொஞ்சம் இறுகும். உடனே ஒரு ‘ம்’. அடுத்ததற்குப் போவார். வண்டிக்காரர்கள் அந்த ‘ம்’ கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் பாதியில் அவசரமாக வண்டியை எடுத்துப் போய்விட்டு, தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, “அந்த ஒண்ணையும் சொல்லிடுங்க” என்று கேட்டிருக்கிறார்.

அத்தை தொட்டு ‘ம்’ சொன்ன இன்ஜின் எதுவும் பாதிவழியில் நின்றதில்லை. ஆனால் அவை எல்லாம் இரும்பு. இரும்பு எதையும் தாங்கும். சிக்கல் மாப்பிள்ளை ரூபத்தில் வந்தது.

மாப்பிள்ளை இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் பெரிய கட்டிடங்களுக்கு ஏசி குழாய் போட்டுக்கொண்டிருந்தவன். காற்று எங்கே ஓடும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதுதான் அவன் பிழைப்பு. பந்தயக் கார் ஓட்டுகிற பெண்ணைக் காதலித்தான், கட்டிக்கொண்டான், அவள் அம்மாவான அத்தையின் பட்டறையில் வந்து விழுந்தான். முதலில் தரை பெருக்க விட்டார்கள். அப்புறம் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவ விட்டார்கள். போன வருஷம்தான் இன்ஜின் ஸ்டாண்டு பக்கத்தில் நிற்க அனுமதி கிடைத்தது. ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் மனைவி, நடுவில் திறந்துகிடக்கும் இன்ஜின். அந்த இடம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. காலையில் எழுந்ததும் அங்கே போகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே பல் தேய்ப்பான்.

மனைவியின் கார் மலையேற்றப் போட்டிக்கானது. ஒவ்வொரு காராக மலைமேல் விடுவார்கள், யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. அவள் காருக்கு மூன்றாவது வளைவு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் மூச்சு வாங்கும். எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது.

“இன்ஜின்ல தப்பு இல்லை. தலையில்தான் தப்பு” என்றான் மாப்பிள்ளை ஒரு நாள்.

இன்ஜினின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டைச் சொன்னான். காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அதன் வழியாகத்தான். பழைய இரும்பு ஹெட்டில் காற்று வரும் வழி குறுகல், போதாததற்கு ஒரு முரட்டு வளைவு. ஏசி குழாயில் அப்படி ஒரு வளைவு வைத்திருந்தால் அவனைக் கட்டிடத்திலிருந்தே துரத்தியிருப்பார்கள். வெளியில் ஒரு கம்பெனி அதே இன்ஜினுக்குப் பொருந்துகிற மாதிரி அலுமினியத்தில் ஹெட் செய்து விற்றது. அகலமான வழி, நிதானமான வளைவு, பெரிய வால்வு. அவன் வரவழைத்துவிட்டான்.

பெட்டியின் மேல் ‘அப்படியே எடுத்து மாட்டலாம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. இப்படி எழுதியிருக்கும் எதையும் அப்படியே எடுத்து மாட்டக் கூடாது என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அதை வாங்கியவனைத் தவிர.

அத்தை அந்த ஹெட்டை மேசையிலிருந்து தூக்கிப் பார்த்தார். இரும்பைத் தூக்குகிற வேகத்தில் தூக்கியதால் அது கிட்டத்தட்ட கூரைக்குப் போயிற்று.

“என்ன மாப்பிள்ளை, வெறும் ஓடா இருக்கு? இன்ஜின் கடையில வாங்கினீங்களா, பாத்திரக் கடையில வாங்கினீங்களா?”

“அலுமினியம் அத்தை. எடை பாதிக்கும் கம்மி. சூட்டையும் சீக்கிரம் வெளிய விட்டுடும்.”

“வெண்ணெயும்தான் எடை கம்மி. அதுல இன்ஜின் செய்யலாமா?”

மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் அவனுக்கு ரோஷத்தைக் கிளப்பியது. ரோஷம் வந்தால் அவன் வாய் சும்மா இருக்காது.

“இந்த ஹெட்டை வெச்சு இவ ஞாயித்துக்கிழமை மலை உச்சிக்குப் போய்ச் சேரலைன்னா, நான் இனிமே இன்ஜின் பக்கமே வரலை. மாமாகூட முன்பக்கம் கவுண்டர்ல உக்காந்து ரசீது எழுதறேன். போதுமா?”

“போதும்” என்றார் அத்தை, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

முன்பக்கத்தில் மாமாவின் காதுகள் நிமிர்ந்தன. அத்தைக்கும் மகளுக்கும் நடுவில் வாய் திறப்பதில்லை என்ற ஒரே கொள்கையோடு காலத்தை ஓட்டியவர் அவர். கவுண்டரில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் காய்ந்துபோயிருந்தார். அன்று சாயங்காலமே பரணிலிருந்து இரண்டாவது நாற்காலியை இறக்கித் துடைத்துத் தன் பக்கத்தில் போட்டார். மாப்பிள்ளை அந்த வழியாகப் போகும்போதெல்லாம், “சாஞ்சுக்க வசதியா இருக்கும், பாருங்க” என்று அன்பாகச் சொன்னார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

அவனிடம் காற்றளக்கும் மேசை ஒன்று இருந்தது. சொந்தத் தயாரிப்பு. வீட்டு வேக்குவம் கிளீனரையும் பக்கத்து வீட்டு வேக்குவம் கிளீனரையும் பிரித்து, இரண்டு மோட்டாரையும் ஒரு மரப்பெட்டிக்குள் போட்டிருந்தான். மேலே ஹெட்டை வைத்தால் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் ஏறி இறங்கி எவ்வளவு காற்று போகிறது என்று காட்டும். அந்த மேசை வந்ததிலிருந்து இரண்டு வீட்டிலும் தரையைத் துடைப்பத்தால்தான் பெருக்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதும் அவனிடம் பேசுவதில்லை.

பழைய இரும்பு ஹெட் நூற்று அறுபது காட்டியது. புதியது இருநூறு காட்டும் என்று கம்பெனித் தாளில் இருந்தது. அவன் ஆசையாக ஏற்றி வைத்து மோட்டாரைப் போட்டான். நூற்று எண்பத்து நான்கு. திரும்பப் போட்டான். மறுபடியும் அதே எண்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்து வீட்டுச் சமையலறைக்குப் போய், பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டையைக் கிள்ளிக்கொண்டு வந்தான். அதைக் கயிறுபோல உருட்டி, ஹெட்டில் காற்று நுழையும் வாசலைச் சுற்றி வளையமாக ஒட்டி, விரலால் வழவழவென்று தடவிக்கொண்டிருந்தான்.

அத்தை வாசலில் வந்து நின்றார். “என்ன மாப்பிள்ளை, அதுக்கு ஊட்டி விடறீங்களா?”

“காத்துக்கு வழி பண்றேன் அத்தை. விளிம்பு கூர்மையா இருந்தா காத்து முட்டிக்கிட்டு நிக்கும். இப்படி வளைச்சு விட்டா வழுக்கிக்கிட்டு உள்ள போகும். கார்ல மாட்டினா அந்த வளைவை மேனிஃபோல்ட் குழாயே குடுத்துடும். இங்க குழாய் இல்லையே, அதான்.”

“ரொம்பச் செல்லமா வளந்த காத்து போல. கதவைத் திறந்து விட்டா பத்தாதாம், கம்பளமும் விரிக்கணுமாம்.”

மோட்டாரைப் போட்டான். சிவப்புத் தண்ணீர் ஏறியது. நூற்றுத் தொண்ணூற்று ஏழு. அவன் குதித்த குதியில் மேசை ஆடியது. கம்பெனிக்காரன் மூன்று கூட்டிச் சொல்லியிருக்கிறான், பரவாயில்லை, விற்கிறவன் அந்த அளவுக்காவது புளுகத்தான் செய்வான்.

அத்தை அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரும்புக்கும் இதற்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரலால் அளந்தும் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொள்கிற ஆளா அவர்?

“காத்து உள்ள போறது இருக்கட்டும். மூடினா மூடுதான்னு பாப்போம்” என்று ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காற்று வழிகளில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்தார். வால்வு சரியாக உட்கார்ந்திருந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. இரண்டு வால்வுகள் அழுதன. தண்ணீர் ஓடும் வழியைத் தட்டிப் பார்த்தார். வார்ப்பு மணல் ஒரு சிட்டிகை கொட்டியது.

“அப்படியே எடுத்து மாட்டலாம்னு போட்டிருக்கானே, மாப்பிள்ளை?”

“போட்டிருக்கான், அத்தை.”

“நல்லவேளை, நமக்குப் படிக்கத் தெரியாம போச்சு.”

சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வைப் பிடித்துச் சுழற்றும் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டி, அழுத இரண்டு வால்வுகளையும் தேய்த்துக் கொடுத்தார். அந்த ஹெட் தோற்றால் தனக்கு வெற்றி என்பதெல்லாம் வேலையில் கை வைத்ததும் அவருக்கு மறந்துபோய்விடும். இந்தக் குணத்துக்காகவே அத்தையை அவனுக்குப் பிடிக்கும். வெளியில் சொன்னதில்லை.

மாட்டுகிற நாளன்று அவன் மென்று முழுங்கி ஒரு விண்ணப்பம் போட்டான்.

“அத்தை, கோவிச்சுக்கக் கூடாது. அலுமினியத்துல திருகு மரை ரொம்ப மென்மை. பிளக்கை இவ்வளவுதான் முறுக்கணும்னு அளவு இருக்கு. இந்த டார்க் ரெஞ்ச் அந்த அளவு வந்ததும் ‘டிக்’குன்னு சொல்லிடும். அதுக்கு மேல ஒரு திருகு போட்டாலும் மரை பிஞ்சுடும். அதனால இந்த ஒரு இன்ஜினுக்கு மட்டும்...”

“கடைசியா நான் தொடக் கூடாது.”

“ஆமாம் அத்தை.”

மனைவி வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் நின்றாள்.

“சரி. என் கை படாது” என்றார் அத்தை.

அவர் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமை முழுக்க மாப்பிள்ளை வரிசைப்படி மாட்டினான். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றுக்கும் ‘டிக்’. அத்தை இரண்டு கைகளையும் மேலங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். பைக்குள் விரல்கள் நெளிவது வெளியே தெரிந்தது. நான்கு பிளக்கும் ‘டிக்’ சொல்லி முடிந்தது. அத்தையின் கண் ஆணியில் தொங்கிய ஸ்பேனர்கள் பக்கம் போயிற்று. சட்டென்று திரும்பி முன்பக்கம் போய், மாமா துடைத்து வைத்திருந்த இரண்டாவது நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“தண்ணி வேணுமா?” என்றார் மாமா.

“பேசாதீங்க” என்றார் அத்தை.

மாமா கொள்கைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனான். காரை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்தான். எல்லாம் பளபளவென்று இருந்தது. எல்லாம் அளவுப்படி இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறை என்று யோசித்தான். ‘ம்’ இல்லை. இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து அந்த ‘ம்’ கேட்காமல் ஒரு வண்டி வெளியே போய் அவன் பார்த்ததில்லை. இந்த வண்டியில் போகப்போவது அவன் பெண்டாட்டி.

அவனுக்குத் தெரியும். மென்மையான மரை என்று அத்தைக்குப் பாடம் எடுத்தவன் அவன்தான். ஆனால் இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கை பழகிவிட்டிருந்தது. அது தன்பாட்டுக்கு ஆணியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்தது. சும்மா தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தான்.

முதல் பிளக். லேசாக ஒரு திருகு. “ம்” என்றான். அவனுக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவது. “ம்.”

மூன்றாவது. “ம்.” இப்போது மனசுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. தெம்பு கையிலும் ஏறியிருந்தது.

நான்காவதில் ஸ்பேனர் இறுகிக்கொண்டே போய், திடீரென்று விழப்போகும் பல் மாதிரி கொழகொழவென்று தானாகச் சுற்றியது.

“ஐயோ” என்றான் மாப்பிள்ளை.

அசையாமல் நின்றான். பிறகு மெதுவாகப் பின்பக்கம் திருப்பி, மறுபடி முன்பக்கம் திருப்பி, ஏதோ ஒரு இடத்தில் அது நின்றதுபோல் இருக்கவும் கையை எடுத்தான். நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியில் மனைவியின் குரல் கேட்டது. “என்னங்க, ஏத்தலாமா?” இப்போது சொன்னால் போட்டி இல்லை. போட்டி இல்லையென்றால் நாற்காலி. அவன் ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு, “ஏத்தலாம்” என்றான்.

மலையடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. காலையில் ஒரு ஒத்திகை ஓட்டம், மத்தியானம் நேரம் கணக்கெடுக்கிற நிஜ ஓட்டம். மனைவி ஒத்திகைக்குப் புறப்பட்டாள். முதல் வளைவு தாண்டும்வரை இன்ஜின் சத்தம் அழகாகக் கேட்டது. மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது வளைவில் ‘டப்’பென்று ஒரு வெடி. அப்புறம் புஸ் புஸ் என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

கார் இறக்கத்தில் தானாக உருண்டு திரும்பி வந்தது. பானெட்டைத் திறந்தால், நான்காவது பிளக் ஒயரோடு ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில், பிய்ந்து வந்த அலுமினிய மரை வெள்ளிக் கம்பிபோலச் சுற்றிக்கொண்டு மின்னியது.

பக்கத்தில் நின்ற மஞ்சள் கார்க்காரர் எட்டிப் பார்த்தார். எப்போதும் கண்ணாடிபோலத் துடைத்த காரோடு வருகிறவர். கார் துடைக்கிற நேரத்தில் பாதியை ஓட்டுவதற்குச் செலவழித்தால் ஜெயித்திருப்பார்.

“அலுமினியமா? நான் அப்பவே நினைச்சேன். வெளியில செஞ்ச ஹெட்டுன்னா இப்படித்தாங்க, நம்பவே முடியாது” என்றார்.

மனைவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அம்மா முன்னால் புருஷனை ‘நீங்க’ என்பாள், தனியாக இருந்தால் ‘நீ’, கோபம் வந்தால் அந்த ‘நீ’யும் கிடையாது. ஆனால் இப்போது அவள் கோபம் அவன் பக்கமே வரவில்லை. பிளக்கைப் பார்த்தாள், நேராகத் தன் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா! தொட மாட்டேன்னு சொன்னியே!”

“நான் தொடலைடீ.”

“பின்ன மரை எப்படிப் பிஞ்சுது? ‘டிக்’ சொன்னதை நானே காதால கேட்டேன். இந்தப் பட்டறையில அதுக்கு மேல முறுக்கறவங்க வேற யாரு?”

அத்தை பதில் பேச வாயெடுத்து, நிறுத்தினார். அந்தப் பிளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் குழம்பியது. பிறகு மஞ்சள் கார்க்காரர் பக்கம் திரும்பினார்.

“ஹெட்டுல ஒரு குறையும் இல்லைங்க. காத்து நல்லா போகுது, அளந்து பாத்தாச்சு. மாட்டின விதமும் சரி. இது கை தப்பு. என் கை.”

மஞ்சள் கார்க்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. தன் காரைத் துடைக்கப் போய்விட்டார். அத்தை மாப்பிள்ளை பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து நாற்காலியிலேர்ந்து எழுந்து வந்து ஒரு தடவை இன்ஜினைப் பாத்தேன். கை பைக்குள்ளதான் இருந்துதுன்னு நினைச்சேன். பழக்கம் பாருங்க, எனக்கே தெரியாம வெளிய வந்திருக்கும் போல. வயசாகுதுல்ல. உங்க இடத்தை நான் கெடுத்துட்டேன், மாப்பிள்ளை. மன்னிச்சுக்கங்க.”

அத்தை யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இவன்தான் எல்லோரிடமும் கேட்டான். அந்த இரும்பு மனுஷி செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

“தண்ணி வேணுமா அத்தை?” என்றது வாய்.

மாமாவின் பக்கத்து நாற்காலிக்கு ஏற்ற ஆள்தான் என்று அவனுக்கே தோன்றியது. மனைவி இன்னும் பொரிந்துகொண்டிருந்தாள். அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“நிறுத்து! அத்தை தொடலை. நான்தான்.”

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“காலையில, வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி. யாரும் ‘ம்’ சொல்லாம வண்டி போகுதேன்னு ஒரு மாதிரியா இருந்துது. ஸ்பேனரை எடுத்துட்டேன். மரை பிஞ்சதும் தெரியும். தெரிஞ்சேதான் ஏத்தினேன்.”

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ‘நீ’கூட இல்லாத கட்டம் வந்துவிட்டது. “மலையில என்னை வெச்சு...” என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் ஹெல்மெட்டை அவன் கையில் ஓங்கித் திணித்தாள். அது திட்டுவதைவிட அதிகமாக வலித்தது. “தப்புதான். பெரிய தப்பு” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தை மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘ம்’ சொன்னீங்களா?”

“என்ன அத்தை?”

“தொட்டப்போ ‘ம்’ சொன்னீங்களான்னு கேக்கறேன்.”

“சொன்னேன் அத்தை.”

“நாலுக்குமா?”

“மூணுக்குத்தான். நாலாவதுக்கு ‘ஐயோ’ன்னேன்.”

அத்தைக்கு முதலில் மூக்கு விடைத்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு காரின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மகளுக்கும் தொற்றிக்கொண்டது, ஆனால் அவள் மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். அவன் பார்த்துவிட்டால் மன்னித்ததாகிவிடுமே.

“எனக்குப் பாடம் எடுத்துட்டு, நீங்க போய்...” அத்தை கண்ணைத் துடைத்தார். “மாப்பிள்ளைன்னு உள்ள விட்டோம். இப்பத்தான் பட்டறை ஆளா ஆயிருக்கீங்க.”

டிரெய்லரில் இருந்த தன் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பிரிக்காத ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே மரை வெட்டும் டேப் ஒன்று, ஸ்பிரிங்போலச் சுருட்டிய எஃகு மரைகள் நாலைந்து. பிய்ந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, அதற்குள் இந்த எஃகுச் சுருளைத் திருகிவிட்டால், பிளக்குக்குப் பழையதைவிடப் பலமான மரை கிடைக்கும்.

“இது எப்ப வாங்கினீங்க அத்தை?”

“உங்க வெண்ணெய்க்கட்டி வந்த அன்னிக்கே. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துதே, நீங்க காத்தைப் பத்தி மட்டும் படிச்சுட்டு மடிச்சு வெச்சீங்க. நான் மிச்சத்தையும் படிச்சேன். எப்படியும் யாராவது இறுக்கிப் பிய்ப்பாங்க, நானாத்தான் இருப்பேன்னு நினைச்சு வாங்கினேன்.”

டேப்பில் கிரீஸ் தடவி அவன் கையில் கொடுத்தார்.

“நானா?”

“பிய்ச்சது யாரு?”

அவன் குனிந்து டேப்பை நேராக வைத்தான். இதற்கு ‘டிக்’ சொல்ல எதுவும் இல்லை. கோணலாகப் போனால் ஹெட்டே வீண். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். “அழுத்தாதீங்க, அதுவா இழுத்துக்கும்” என்றார் அத்தை. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே உள்ளே இழுப்பது அவன் விரலுக்குத் தெரிந்தது. கிரீஸில் ஒட்டிய சீவல்கள் டேப்போடு வெளியே வந்தன. ஆனால் எல்லாமும் வந்ததா? ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் சிலிண்டரைக் கீறிவிடும்.

மாப்பிள்ளை நேரே மஞ்சள் கார்க்காரரிடம் போனான். இருக்கையைச் சுத்தம் செய்ய அவர் வைத்திருந்த குட்டி வேக்குவம் கிளீனரைக் கேட்டான். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அதன் மூக்கில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, இடைவெளியை ஒட்டுத்தாள் சுற்றி அடைத்து, பிளக் ஓட்டைக்குள் விட்டு மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சினான். காற்று சமாச்சாரம், அதில் அவனை யாரும் அசைக்க முடியாது. குழாய்க்குள் சின்னச் சின்ன மினுக்கல்கள் ஓடி மறைந்தன. இனி ஒன்றும் வரவில்லை என்று ஆனபிறகும் இன்னொரு முறை உறிஞ்சினான்.

எஃகுச் சுருள் அலுமினியத்துக்குள் போய் உட்கார்ந்தது. புதுப் பிளக்கைக் கையாலேயே திருகி வைத்தான். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்சை எடுத்தபோது அத்தை கையை நீட்டினார். அவன் கொடுத்தான். அவர் அதை ரொம்ப ஜாக்கிரதையாக, வேற்று வீட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோலப் பிடித்து, மெதுவாகத் திருகினார்.

டிக்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் அத்தை.”

“போதுமா?”

“போதும்.”

அத்தையின் கை ரெஞ்சைவிட்டு வர மனசில்லாமல் வந்தது. நேராகப் பைக்குள் போயிற்று. அதைப் பார்த்து அவனும் தன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான். இருவரும் திறந்த இன்ஜினைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

“ரெண்டு பேரும் கையை வெளிய எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு மனைவி பானெட்டை அறைந்து மூடினாள். காரில் ஏறும்போது அவன் பக்கம் குனிந்து, “வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு” என்றாள். ‘உனக்கு’ வந்துவிட்டது. அவனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

மீதிப் பாதி மலைமேல் போயிற்று. அடிவாரத்திலிருந்து கார் தெரியாது, சத்தம்தான் கேட்கும். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வளைவு. வழக்கமாக இங்கேதான் மூச்சு வாங்கும். சத்தம் திணறவில்லை. மேலே போகப்போக இன்னும் மெல்லியதாகி, இன்னும் உயர்ந்து, இழுத்துக்கொண்டே போய், மலைக்குப் பின்னால் மறைந்தது. ஒலிபெருக்கி நேரம் சொன்னது. முதலிடம் இல்லை, ஐந்தாவது. ஆனால் அந்தக் கார் இதுவரை போனதிலேயே அதுதான் வேகம். மஞ்சள் கார் ஒன்பதாவது.

மாப்பிள்ளை அத்தையின் முகத்தைப் பார்த்தான். ‘ம்’ வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“என்னை என்ன பாக்கறீங்க? மரை வெட்டினது நீங்க. நீங்கதான் சொல்லணும்.”

இரண்டு தடவை கனைத்துவிட்டுச் சொன்னான்.

“ம்.”

அத்தை போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டார். மணி அடிப்பதற்குள் மாமா எடுத்துவிட்டார்.

“என்ன ஆச்சு? வர்றாரா?” குரலில் அவ்வளவு ஆசை.

“வரலை. அந்த ரெண்டாவது நாற்காலியை எடுத்துட்டுப் போய் இன்ஜின் ஸ்டாண்டு பக்கத்துல போடுங்க.”

“அங்க யாரு உக்காரப் போறா?”

“நான்தான்” என்றார் அத்தை. “இனிமே இவர் மாட்டறப்போ, கையை அடியில வெச்சுக்கிட்டு உக்கார எனக்கு ஒரு இடம் வேணும்ல?”